மங்களாம்பிகை டீச்சர் பேச வேண்டிய ஐந்து நிமிடங்கள்

"உங்களைப் பத்தி என்ன சார் பேசறது?"

"ஒண்ணும் பேசாதீங்க டீச்சர். வணக்கம் சொல்லிட்டு இறங்கிடுங்க."

"அஞ்சு நிமிஷம் குடுத்திருக்காங்க."

"அப்ப அஞ்சு நிமிஷம் வணக்கம் சொல்லுங்க."

1

இந்தக் கதை இந்த நான்கு வரியிலிருந்துதான் பிறந்தது என்று முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். 1997 செப்டம்பர். திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்தில் ஓர் உதவிபெறும் மேல்நிலைப் பள்ளி. ஆசிரியர் ஓய்வறை. கேட்டவள் தமிழாசிரியை மங்களாம்பிகை. பதில் சொன்னவர் கணக்கு வாத்தியார் வைத்தியலிங்கம். பக்கத்து மேசையில் காலாண்டுத் தேர்வுத் தாள் திருத்துகிற பாவனையில் உட்கார்ந்திருந்தவள் நான். அன்று நான் திருத்திய வரலாற்றுத் தாள்களில் ஒருவர்கூடத் தோற்கவில்லை. என் கவனம் வரலாற்றில் இல்லை.

பள்ளி நேரம் போக நான் மாத நாவல்கள் எழுதுகிறவள். எல்லாம் குடும்பம், காதல், கடைசியில் கல்யாணம். என் நாயகர்களில் ஒருவருக்கும் வைத்தியலிங்கம் என்று பெயர் கிடையாது. இந்தக் கதையின் முதல் படியில் இவருக்கும் 'ஆதித்யா' என்று பெயர் மாற்றிப் பார்த்தேன். மாற்றிய கையோடு ஆள் வேறு மாதிரி ஆகிவிட்டார். கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டார். மழையில் நனைந்தபடி வசனம் பேசினார். நிஜ மனிதர் சீர்காழிப் பக்கம், நாற்பத்தோரு வயது, கால்சட்டைக்குச் சைக்கிள் கிளிப், சட்டைப் பையில் சிவப்பு ஒன்று நீலம் ஒன்று என இரண்டு பேனா. மழை வந்தால் ஒதுங்கி நிற்பார். பழைய பெயரையே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

இனி நான் ஒதுங்கிக்கொண்டு மங்களத்தின் தோளுக்குப் பின்னால் நின்று கதையைச் சொல்கிறேன். நடுநடுவே எட்டிப் பார்ப்பேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

வைத்தியலிங்கம் சார் வேலையை ராஜினாமா செய்துவிட்டு மாலத்தீவுக்குப் பள்ளி ஆசிரியராகப் போகிறார். ஞாயிற்றுக்கிழமை திருவனந்தபுரத்தில் விமானம். வெள்ளிக்கிழமை பிரிவுபசார விழா. அதில் சாரைப் பற்றி ஐந்து நிமிடம் பேச வேண்டியவள் மங்களம் என்று தலைமையாசிரியர் தியாகராசன் சுற்றறிக்கையில் போட்டுவிட்டார்.

யாராவது வெளிநாடு போவது அப்போது பெரிய செய்தியில்லை. தெருவுக்கு ஒருவர் குவைத்தில், ஒருவர் சிங்கப்பூரில். கடைத்தெருவில் புதிதாக வந்த எஸ்.டி.டி. பூத்தில் ஞாயிறானால் ரேஷன் கடை மாதிரி வரிசை. மங்களத்தின் தம்பிகள் இருவருமே போனவர்கள்தான். ஆகவே ஊருக்கு இது இன்னொரு பயணம். மங்களத்துக்கு அப்படியில்லை. ஏன் என்று இப்போதே சொல்லிவிடுகிறேன். மறைத்து வைத்துக் கடைசியில் திடுக்கிட வைக்க எனக்கும் தெரியும். ஆனால் இந்தப் பெண்ணிடம் அந்த வேலை காட்ட மனசு வரவில்லை.

1991இல் சாரின் சைக்கிள் பஞ்சரான ஒரு நாள், மாலை ஐந்து பத்து பஸ்ஸுக்காக இருவரும் நின்றுகொண்டிருந்தபோது, தற்செயல் விடுப்பு கேட்கிற குரலில் சார் கேட்டார்.

"டீச்சர், நாம கல்யாணம் பண்ணிக்கலாமா?"

அப்பா இல்லாத வீட்டில் அவள் மூத்தவள். "தம்பிங்க ரெண்டு பேருக்கும் ஒரு வழி பிறக்கட்டும் சார்" என்றாள். "சரி டீச்சர்" என்றார். பஸ் வந்தது. அவள் முன்வாசலில் ஏறினாள். அவர் பின்வாசலில் ஏறினார்.

தம்பிகளுக்கு வழி பிறந்து இரண்டு வருடம் ஆகிவிட்டது. மூத்தவன் அனுப்பிய கலர் டி.வி.யும் அம்மாவும் அவளும் வீட்டில் இருக்கிறார்கள். சார் மறுபடியும் கேட்பார் என்று தினமும் ஐந்து பத்துக்கு அவள் காத்திருந்தாள். தினமும் பஸ்தான் வந்தது.

[இந்த இடத்தில் எனக்கு ஒரு சந்தேகம். அவளே ஏன் கேட்கவில்லை? என் வாசகிகள் கடிதம் எழுதுவார்கள். சொன்னால் நம்புவீர்களோ என்னவோ, அவளுக்கு அது தோன்றவே இல்லை. கேட்டவர் அவர். வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. அப்புறம் கேட்க வேண்டியதும் அவர்தானே என்று இருந்துவிட்டாள். முப்பத்தேழு வயது, எம்.ஏ., பி.எட். படித்தவள், இருந்துவிட்டாள்.]

3

பேச்சின் முதல் வரி, முதல் முயற்சி: 'காவிரி கடலில் கலப்பதுபோல நம் கணித ஆசிரியரும் கடல் கடந்து —'

அடித்தாள். கலந்த காவிரி திரும்பி வருவதில்லை.

இரண்டாவது: 'கூட்டலும் கழித்தலும் கற்றுத்தந்த பெருந்தகையை இன்று நம்மிடமிருந்து கழித்துக்கொண்டு —'

அடித்தாள். இரங்கல் கூட்டத்து வாடை.

மூன்றாவது: 'பதினோரு ஆண்டுகளாக என் —'

'என்' என்பதை 'நம்' என்று திருத்தினாள். திருத்தியதை உற்றுப் பார்த்தாள். முழுத்தாளையும் நான்காய் மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.*

அப்போதுதான் தியாகராசன் பட்டியலோடு வந்தார். மேடையில் யார் யாரை 'அவர்களே' போட்டு அழைக்க வேண்டும் என்ற பட்டியல். தாளாளர் முதல் மைக் செட் உரிமையாளர் வரை இருபத்துமூன்று பேர். ஒரு பெயர் விட்டுப்போனாலும் அந்த வீட்டுப் பிள்ளை அடுத்த வருடம் வேறு பள்ளிக்கூடத்தில் இருக்கும் என்பது அவருடைய கணிப்பு. பெரிய தொல்லை ஊராட்சி மன்றத் தலைவர்கள். போன தேர்தலில் தோற்ற முன்னாள் தலைவர், ஜெயித்த இந்நாள் தலைவர், இருவருமே வருகிறார்கள். யாரை முதலில் சொன்னாலும் மற்றவர் எழுந்து போய்விடுவார். மங்களம் யோசித்து, இருவர் பெயரையும் மூச்சுவிடாமல் ஒரே சொல்லாகச் சேர்த்து ஒரு முறை சொல்லிக் காட்டினாள். தியாகராசன் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "ரயில் பேரு மாதிரி இருக்கு. இருக்கட்டும்" என்றார்.

பட்டியலை மட்டும் வாசித்து நேரம் பார்த்தாள். நான்கு நிமிடம் பத்து விநாடி.

"மிச்சம் அம்பது செகண்டுதான் சார் இருக்கு."

"பாராட்டைக் குறைச்சுக்குங்க டீச்சர். பேரைக் குறைக்க முடியாது."

அவளுக்கு உள்ளூர ஒரு நிம்மதி. ஐம்பது விநாடியில் எந்தப் பெண்ணும் உளறிவிட முடியாது.

* அந்தத் தாளை நான் பார்த்ததில்லை. மடித்ததை மட்டும் பார்த்தேன். உள்ளே இருந்த வரிகள் என் ஊகம். ஆனால் மூன்றாவது வரியைப் பற்றிப் பந்தயம் கட்டத் தயார்.

4

ஐம்பது விநாடிப் பேச்சுக்கு ஆராய்ச்சி தேவையா? தேவை என்று மங்களம் முடிவு செய்தாள். புதன்கிழமை மதியம் பரீட்சை அட்டையில் ஒரு தாளைச் செருகிக்கொண்டு சாரின் எதிரே போய் உட்கார்ந்தாள். பிறந்த நாள், படித்த கல்லூரி, முதல் வேலை என்று வரிசையாகக் கேட்டாள். அவர் சொல்லச் சொல்லப் பேனா அசைந்தது. ஆனால் முனை தாளில் படவே இல்லை. என் நாற்காலியிலிருந்து அது நன்றாகத் தெரிந்தது.

"பிளட் குரூப் சார்?"

"மேடையில அது எதுக்கு டீச்சர்?"

"ஒரு முழுமைக்கு."

காலையிலிருந்து இல்லாத கரண்ட் அந்த நொடியில் வந்தது. தலைக்கு மேல் மின்விசிறி சுழன்றது. தாள் கிளிப்பிலிருந்து நழுவி, ஒரு சுற்றுச் சுற்றி, சாரின் செருப்பருகே போய் விழுந்தது.

[கரண்ட் வந்ததை நான் ஜோடிக்கவில்லை. ஜோடிப்பதாக இருந்தால் தென்றலை வரவழைத்திருப்பேன்.]

சார் குனிந்து எடுத்தார். முன்பக்கமும் பின்பக்கமும் நீல மையில் எல்லாப் பதில்களும் ஏற்கெனவே எழுதியிருந்தன. வரிசை எண் போட்டு ஐம்பது. அவள் கேட்டவை, கேட்காதவை, கேட்க முடியாதவை. 1993 ரத்ததான முகாமில் தெரிந்துகொண்ட ஓ பாசிட்டிவ். மோர்சாதத்துக்கு நார்த்தங்காய். எட்டாம் வகுப்பு 'இ' பிரிவுக்குப் போகும்போது மட்டும் விசிலடிப்பது. இடது கடைவாய்ப் பல்லில் வலி, டாக்டரிடம் போக பயம்.

மங்களம் சன்னல் வழியே வெளியே பார்த்தாள். வயலில் நாற்றுமுடி சுமந்து வரப்பில் ஓடிக்கொண்டிருந்தவர்களோடு சேர்ந்து தானும் ஓடிவிட முடியுமா என்று பார்த்தாள்.

சார் நிதானமாக வாசித்தார். பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தார். முதல் வரிக்கு ஒரு டிக் போட்டார். இரண்டாவதற்கு ஒன்று. ஒவ்வொன்றாக நாற்பத்தொன்பது டிக். கடைசி வரிக்கு வந்ததும் பெருக்கல் குறி போட்டார். பழக்க தோஷத்தில் தாளின் தலைப்பில் 49/50 என்று எழுதி வட்டமும் போட்டுவிட்டார்.

"எல்லாம் சரி டீச்சர். காபி மட்டும் தப்பு. எனக்கு ரெண்டு ஸ்பூன் சர்க்கரை வேணும்."

ஐம்பதாவது வரி: 'காபி: சர்க்கரை இல்லாமல்.'

மங்களத்தின் அம்மாவுக்குச் சர்க்கரை வியாதி. அவள் வீட்டு பிளாஸ்க்கில் இனிப்புக்கு இடமில்லை. சார் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் அந்த பிளாஸ்க்கிலிருந்து அவருக்கும் அரை டம்ளர் ஊற்றி, "இப்படியே போதுமா சார்?" என்று கேட்டாள். "போதும்" என்றார். அன்றிலிருந்து பதினோரு வருடம், வேலைநாள் தவறாமல் அரை டம்ளர்.

"ஏன் சார் சொல்லலை?"

"போதும்னு சொல்லிட்டேனே டீச்சர்."

இந்த இடத்தில் என் நாவல் நாயகி என்றால் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதிருப்பாள். மங்களத்துக்குக் கோபம் வந்தது. குழாயடிக்குப் போய், காலி டிபன் பாக்ஸைக் கால் மணி நேரம் தேய்த்தாள். தேய்க்கத் தேய்க்க ஒன்று விளங்கியது. 'போதும்' என்ற ஒரு சொல்லுக்காகப் பதினோரு வருடம் கசப்பைக் குடித்த மனிதர், 'சரி' என்ற சொல்லை மட்டும் மீறுவாரா? இனி கேட்கமாட்டார். மாலத்தீவில் அறுபது வயது வரை பாடம் நடத்திவிட்டு, நரைத்த தலையோடு வந்து இறங்கி, அப்போதும் சரியென்றே இருப்பார். அவர் மறந்துபோனதாக அவள் நினைத்திருந்தாள். மறக்காததுதான் சிக்கல்.

டிபன் பாக்ஸ் மூடியில் முகம் தெரிந்தது. சிரித்துக்கொண்டிருந்தது.

5

வெள்ளிக்கிழமை விழா. சம்பா நடவு நேரம் என்பதால் பெற்றோர் பத்துப் பேர்தான் வந்தார்கள். பட்டியலின் இருபத்துமூன்று பேரில் மட்டும் ஒருவரும் குறையவில்லை. தலைமை தாங்கியவர் பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர் அப்துல் அஜீஸ். குவைத்தில் பதினைந்து வருடம் இருந்துவிட்டு வந்து கடை வைத்திருப்பவர். வெளிநாடு போகிறவர் பாஸ்போர்ட்டை எந்தப் பையில் வைக்க வேண்டும், ஊறுகாய் பாட்டில் உடையாமல் இருக்க எந்தத் துணியில் சுற்ற வேண்டும் என்று முக்கால் மணி நேரம் பேசினார். பிள்ளைகள் அசையாமல் கேட்டார்கள். பாதிப் பேர் மனதுக்குள் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்கள்.

அதனால் மங்களத்துக்குக் கிடைத்தது ஐந்து நிமிடம் இல்லை, மூன்று. ரயில் பெயரைக் கடந்து பதினேழாவது 'அவர்களே'யில் நின்றபோது தியாகராசன் மணியை அடித்துவிட்டார்.

இந்த இடத்துக்கு நான் எழுதி வைத்திருக்கும் முடிவுகள்:

அ. பட்டியலைக் கிழித்துப் போட்டுவிட்டு, மைக்கை இறுகப் பிடித்து, எல்லோர் முன்னாலும் அவள் சாரிடம் பேசுகிறாள். பிள்ளைகள் கைதட்டுகிறார்கள். அப்துல் அஜீஸ் கைக்குட்டையை எடுக்கிறார். இரண்டரைப் பக்கம், மிக நன்றாக வந்திருக்கிறது. ஆனால் திங்கட்கிழமை ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவுக்குள் அவள் எப்படி நுழைவாள்? அடித்துவிட்டேன்.

ஆ. விசா ரத்து என்று தந்தி வருகிறது. என் நாவல்களில் தந்திக்காரர் மிகவும் நேரம் தவறாதவர். அன்று வந்தவர் எலுமிச்சை சாதம் கொண்டுவந்தவர் மட்டும்.

இ. படியிறங்கிப் போன சார் திடீரென்று திரும்பி —

இல்லை. அந்தக் காபியைக் குடித்தவர் திடீரென்று எதையும் செய்யமாட்டார்.

6

ஆகவே மிச்சமிருப்பவள் மங்களம்தான்.

எல்லோரும் சாப்பாட்டுப் பந்திக்குப் போயிருந்தார்கள். ஓய்வறையில் சார் மாலையை ஒரு கையிலும், செய்தித்தாள் சுற்றிய வாழ்த்துமடல் சட்டத்தை இன்னொரு கையிலும் வைத்துக்கொண்டு, சைக்கிள் கிளிப்பை எந்தக் கையால் போடுவது என்று யோசித்துக்கொண்டிருந்தார். அவள் உள்ளே வந்தாள். என் மேசையில் தாள்கட்டுகள் உயரமாக இருந்தன. நான் இருந்தது இருவருக்கும் தெரியாது என்றுதான் நினைத்தேன். மங்களத்துக்குத் தெரிந்திருந்தது என்று பின்னால் சொன்னாள்.

"பேச்சு எழுதின பேப்பரைக் குடுங்க டீச்சர். அங்க போய்ப் படிச்சுக்கறேன்."

கொடுத்தாள். அவர் மேலிருந்து கீழே பார்த்தார்.

"வெறும் பேருதானே இருக்கு. என் பேரைக் காணுமே?"

"அது வர்றதுக்குள்ள மணி அடிச்சுட்டாங்க சார்."

அவர் சிரித்தார். சிரிப்பு முடிந்த பிறகு அந்த அறையில் செய்வதற்கு ஒன்றுமில்லை. "அப்ப வரேன் டீச்சர்" என்றார்.

"எனக்குக் குடுத்த அஞ்சு நிமிஷத்துல ரெண்டு நிமிஷம் பாக்கி இருக்கு. உக்காருங்க சார்."

உட்கார்ந்தார். மாலையும் சட்டமும் மடியில். அவள் நின்றாள், வகுப்பில் நிற்பதுபோல நேராக. சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினாள். முகம் சிவந்து, சிரிப்பு ஒருபக்கம் முட்டிக்கொண்டு வந்தது. அதை அடக்க உதட்டைக் கடித்தாள்.

வாசகர்களே, அவள் சொன்ன கடைசிச் சொல் காதில் விழுந்ததும் நான் எழுந்து, யார் காலிலும் இடறாமல், வெளியே போய்விட்டேன். அவருடைய பதில் எனக்குத் தெரியாது என்று பொய் சொல்லமாட்டேன். தெரியும். எழுதப் போவதில்லை. கீழே இரண்டு வரி இடம் விடச் சொல்லியிருக்கிறேன். எந்த மையில் வேண்டுமானாலும் நீங்களே நிரப்பிக்கொள்ளுங்கள். மாலத்தீவு, திருத்துறைப்பூண்டி, எந்த ஊரையும் போடலாம். எனக்கு வேண்டியது அவள் வாய் திறந்தது மட்டும்தான். அது இது:

"தொண்ணூத்தொண்ணுல, பஸ் ஸ்டாப்புல, என்கிட்ட ஒண்ணு கேட்டீங்க. அதுக்கு நான் சொன்ன பதில் பழசாயிடுச்சு. இன்னொரு தடவை கேளுங்க சார்."