இறைத்த கிணறு

சும்மா இருக்க எனக்கு வராது. கை எதையாவது செய்துகொண்டே இருக்க வேண்டும். அதுதான் வினையாகப் போனது.

எண்பத்தொன்பதில் அரியாலைப் பள்ளிக்கூடம் ஒன்றின் மண்டபத்தில், சண்டையில் வீடிழந்த பதினெட்டுக் குடும்பங்கள் சேலையால் மறைப்புக் கட்டி இருந்தோம். பள்ளிக்கூடம் மண்டபத்தைத் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தது. ஆறு வருடமாகப் பூட்டிக் கிடந்த சாயத் தொழிற்சாலைக் காணியை அரசாங்கம் எங்களுக்கு ஒதுக்கியது. நூலுக்குச் சாயம் போட்ட கழிவையெல்லாம் அந்த மண்ணில்தான் ஊற்றியிருந்தார்கள். கிணற்றுத் தண்ணீர் பீட்றூட் அவித்த நிறம். கிட்டப் போனால் மூக்கு எரியும்.

அந்த மண்ணை நாலடிக்கு அள்ளி, செம்மண் நிரப்பி, வெளியிலிருந்து குழாயில் தண்ணீர் கொண்டுவர அரசாங்கப் பணம் இருந்தது. ஒரே நிபந்தனை, கிணற்றுத் தண்ணீர் கெட்டது என்று பரிசோதனை அறிக்கை வர வேண்டும்.

அரசாங்கக் கந்தோரிலிருந்து அதிகாரி தியாகலிங்கம் ஐயா, பரிசோதனைக்குத் தண்ணீர் எடுக்க வியாழக்கிழமை போத்தலோடு வருவதாகச் சொல்லியனுப்பினார். முகாம் குழுவுக்கு நான் செயலாளர். புதன் காலை போய்ப் பார்த்தால் கிணற்றுக்குள் சருகு, பாசி, செத்த ஓணான். பெரிய மனிதர் வருகிற இடத்தை இப்படியா வைத்திருப்பது? வீட்டில் ஒரு விசேஷம் என்றால் முதல் நாளே கிணறு இறைத்துப் பழகியவர்கள் நாங்கள். அந்த நேரம் எனக்கு வேறொன்றும் ஓடவில்லை. குழுத் தலைவர் இளையதம்பி அண்ணையை நச்சரித்து, புத்தூரிலிருந்து தண்ணீர் இறைக்கிற மிசின் எடுப்பித்தேன். பொழுதுபடும் மட்டும் இறைத்தோம். இரண்டு பேர் இறங்கிப் பாசி சுரண்டினார்கள். கிணற்றுக் கட்டு முழுவதையும் நானே தேய்த்துக் கழுவினேன். வியாழன் காலை புது ஊற்று முகம் பார்க்கலாம் போல் தெளிந்து நின்றது. பதினெட்டுக் குடும்பத்தில் ஒருவருக்குக்கூட என்ன செய்துவிட்டோம் என்று உறைக்கவில்லை. எனக்குப் பெருமை வேறு.

ஐயா வாளியால் அள்ளி, இரண்டு போத்தலில் நிரப்பி, முத்திரை வைத்துக் கொண்டுபோனார்.

எட்டாம் நாள் தண்ணீர் மறுபடி சிவந்தது. ஐயா கொண்டுபோனது கெட்ட தண்ணீர் அல்ல, நாங்கள் இறைத்த பிறகு ஊறிய தெளிந்த தண்ணீர் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒருவருக்கும் சொல்லவில்லை. இரண்டு வாரம் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. தபால்காரனின் சைக்கிள் மணி கேட்டாலே எழுந்து ஓடினேன். கடைசியில் கடிதம் வந்தது. தண்ணீர் நல்லதாம். துப்புரவுப் பணம் தேவையில்லையாம். மாத முடிவுக்குள் குடியேற வேண்டுமாம்.

சிவந்த தண்ணீரைப் போத்தலில் அடைத்துக்கொண்டு கந்தோருக்குச் சைக்கிள் மிதித்தேன். கிணறு இறைத்ததைச் சொன்னேன். ஐயா போத்தலைப் பார்த்தார்.

"காணி கெட்டது எண்டு எனக்கும் தெரியும், தங்கச்சி. ஏன் இறைச்சனீங்கள்?"

"நீங்கள் வாறீங்கள் எண்டுதான், ஐயா."

அவர் சிரிக்கவில்லை. நாங்கள் கிணறு இறைத்ததைப் பதினெட்டுக் குடும்பமும் எழுதி ஒப்பமிட்டால் மறுபடி பரிசோதிக்கலாம் என்றார். அதற்கு ஒரு வருடம் செல்லும். அதுவரை காணியும் இல்லை, மண்டபமும் இல்லை. வாயை மூடிக்கொண்டால் அடுத்த கிழமையே எல்லோருக்கும் காணி. திரும்பி வரும் வழியெல்லாம் அந்தக் கணக்கைத்தான் போட்டேன். வாயை மூடுவது எவ்வளவு சுகமாக இருந்திருக்கும். வெட்கம் ஒரு பக்கம், ஒரு வருடம் தெருவில் நிற்கப் போகிற பிள்ளைகளின் நினைப்பு மறுபக்கம்.

கடிதத்தை நம்பி மண்டபத்தில் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். இளையதம்பி அண்ணை அன்று பகல் கயிறு பிடித்து அளந்து, கிணற்றை எட்டிப் பார்க்காமலே காணியைப் பங்கு பிரித்துவிட்டு வந்திருந்தார். என்னைக் கண்டதும் முகமெல்லாம் மலர எழுந்தார்.

"பிள்ளை, கிணத்தடித் துண்டு உனக்குத்தான். ஒருத்தரும் மறுப்புச் சொல்லேல்லை. நீதானே அதைத் துப்புரவாக்கினனீ."

மற்றவர்களும் தலையாட்டினார்கள். கிட்டக் கிடந்த மூட்டையின் முடிச்சை அவிழ்த்தேன்.

"மூட்டையளை அவிழுங்கோ, அண்ணை" என்றேன். "உங்கள் எல்லாற்றை காணியையும் நான்தான் கெடுத்தனான்."