பெட்டியா, கவரா

தம்பி ஒரு அட்டைப்பெட்டியைத் தலைக்கு மேல் தூக்கித் தரையில் போட்டான். மூலை நசுங்கவில்லை. ஏதோ சாதித்துவிட்டவன்போல அக்காவைப் பார்த்தான்.

அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றாள். இரண்டு தெரு தள்ளியிருக்கும் ஆஸ்பத்திரியிலிருந்து ஓட்டமும் நடையுமாக வந்திருந்தாள். காலையிலிருந்து அப்பா இவனைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். மூன்று முறை போன் செய்ததற்கு மூன்று முறையும் இதோ வருகிறேன் என்றான். இன்று பொழுது தாண்டாது என்று டாக்டர் சொன்னபிறகு நேரிலேயே வந்துவிட்டாள்.

அறை முழுக்க மாதிரிப் பெட்டிகள். இவன் ஆன்லைனில் துணி விற்கிறான். இரண்டாவது சலவையிலேயே சாயம் போகிற சட்டை. அதைச் சுற்ற மெல்லிய தாள், தாளுக்கு மேல் ரிப்பன், ரிப்பனில் செருக 'உங்களுக்காகவே' என்று ஒரு அட்டை. ஒய்யாரக் கொண்டையாம் தாழம்பூவாம், உள்ளே இருக்குமாம் ஈரும் பேனும். வாய்வரை வந்ததை அவள் விழுங்கிக்கொண்டாள்.

பெட்டி செய்கிறவர் மூன்று மணிக்குப் பேசுவாராம். அதற்குள் கறுப்பா பழுப்பா என்று சொல்லியாக வேண்டுமாம். திறக்கும்போதே வாங்கினவர்கள் சொக்கிப்போய் வீடியோ எடுத்துப் போடுவார்கள் என்றான். சட்டையைத் துவைத்தபின் என்ன எடுத்துப் போடுவார்கள் என்று சொல்லவில்லை.

அப்பா முப்பது வருஷம் தபால் நிலையத்தில் ஊர்வாரியாகப் பார்சல் பிரித்தவர். எந்தப் பெட்டி எங்கே கிழியும் என்று தூக்கிப் பார்த்தே சொல்லிவிடுவார். துணி என்ன உடையவா போகிறது, வாயில் பசை வைத்த பிளாஸ்டிக் கவரே போதும் என்று போன வருஷம் இவனிடம் சொல்லித் தொலைத்தார். அந்த ஒரு வார்த்தைக்கு இந்த மகாராஜா அதன்பிறகு அப்பா வீட்டுப் படி ஏறவில்லை.

"அப்பா உன்னத்தான்டா கேக்குறாரு. பெட்டி எங்கயும் ஓடிடாது."

"அஞ்சே நிமிஷம்க்கா. நீயே சொல்லேன், எது நல்லாருக்கு?"

"கறுப்பு. கெளம்பு."

கறுப்பில் விரல் ரேகை தெரியுமே என்று அவன் யோசிக்க ஆரம்பித்தான். ஓங்கி ஒரு அறை விட வேண்டும்போல் இருந்தது அவளுக்கு. அப்போதுதான் அவள் போன் அடித்தது. ஆஸ்பத்திரியிலிருந்து.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது அப்பாவின் முகத்தை மூடியிருந்தார்கள். தம்பி துணியை விலக்கிப் பார்க்கவில்லை. அழவும் இல்லை. கால்மாட்டில் மரம்போல நின்றான். இதற்குக்கூடத் துப்பில்லாத ஜென்மம் என்று நினைத்தாள்.

நர்ஸ் அப்பாவின் சட்டையை மடித்து ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு நீட்டினாள். அவன் வாங்கினான். வாங்கிய கையோடு கவரின் விளிம்பை இரண்டு விரலால் தேய்த்துக் கனம் பார்த்தான். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கையெழுத்துப் போடச் சொல்லி நர்ஸ் இரண்டு முறை கூப்பிட்டாள். அவன் காதில் விழவில்லை. கவரின் வாயை மடித்து, கட்டைவிரலால் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை அழுத்திக்கொண்டு போனான். அதில் பசை இல்லை. விரலை எடுத்ததும் விரிந்துகொண்டது. மறுபடி மடித்து, மறுபடி முதலிலிருந்து அழுத்தினான்.