ஒரே ஒரு கிளாஸ் கறுப்பு

பெயின்ட் கடையில் கலர் கலக்குகிற மனிதர் ஒரு கிளாஸ் கறுப்பு பீரோடு உட்கார்ந்தபோது அவருடைய மகள் ஆறாம் வகுப்பில் இருந்தாள். அவர் அதைக் குடித்து முடித்தபோது அவள் கல்லூரியையும் முடித்து, வேறு ஊரில் வேலை கிடைத்து, பெட்டி கட்டிக் கிளம்பிவிட்டிருந்தாள். நடுவில் அவர் இன்னொரு கிளாஸ் கேட்கவில்லை. அதே கிளாஸ்தான். இதைச் சொன்னால் வெளியூர்க்காரர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அத்தனை வருஷமும் அந்த மனிதருக்கு மூன்று வேளையும் சோறு சுமந்தது அவர்களா என்ன?

பீரைக் காய்ச்சியவர் பாய்லர். தெரு வைத்த பெயர் அது. தொழிற்சாலையில் கொதிகலனைப் பார்த்துக்கொண்டிருந்தவர், வேலையை விட்டதும் வீட்டின் கீழ்த்தளத்தில் பெல்ஜிய முறையில் கறுப்பு ஏல் காய்ச்ச ஆரம்பித்தார். ஏல் என்றால் பீர்தான். ஆனால் ஐஸில் வைத்து, தாகத்துக்கு மடமடவென்று ஊற்றிக்கொள்கிற சமாச்சாரம் இல்லை. வறுத்த தானியம், கறுக்கும்வரை காய்ச்சிய சர்க்கரைப் பாகு, வெதுவெதுப்பில் நின்று வேலை செய்கிற ஈஸ்ட், பிறகு பாட்டிலுக்குள்ளேயே இன்னொரு தடவை நுரைப்பு, அதற்கப்புறம் மாதக்கணக்கில் இருட்டில் சும்மா கிடப்பது. ஊற்றும்போது கிளாஸைச் சாய்த்து மெதுவாக ஊற்றி, அடிவண்டலைப் பாட்டிலிலேயே நிறுத்திவிட வேண்டும். உள்ளங்கைச் சூடு ஏற ஏற ருசி மாறிக்கொண்டே போகும். முதலில் இனிப்பு, பின்னால் வறுபட்ட வாசனை, தொண்டையில் இறங்கும்போது ஒரு கணகணப்பு, கடைசியில் நாக்கைத் துடைத்துவிட்டாற்போல ஓர் உலர்வு. பாய்லர் இதையெல்லாம் வருகிறவர்களிடம் பொறுமையாகத்தான் சொன்னார். கேட்டால்தானே.

மேல்கூடத்தில் நாலைந்து மேஜை போட்டு அவர் கடை திறந்த அன்றே அதன் குணம் தெரிந்துவிட்டது. குடிப்பவர் தனக்கு உண்மையிலேயே என்ன ருசி தெரிந்தது என்று வாய்விட்டுச் சொல்லும்வரை கிளாஸில் பீர் குறையாது. விழுங்கலாம், தொண்டை நனையும், மேஜையில் வைத்தால் பழைய மட்டத்துக்கே வந்து நிற்கும். போதை மட்டும் ஒரு கிளாஸுக்கு உண்டானதோடு சரி. கிளாஸ் காலியாகாமல் வாசல்படியைத் தாண்டவும் முடியாது; வெளியே வைத்த கால் தானாகத் திரும்பி உள்ளே வந்துவிடும். தபால்காரர் ஒரு வாய் குடித்து, யோசித்து, “எங்க பழைய வீட்டு மாடிப்படிக்கு அடியில ஒரு இருட்டு இருக்கும், அது மாதிரி” என்றார். கிளாஸ் பாதி இறங்கியது. வங்கி மேனேஜரம்மா, “சண்டை போட்டு முடிச்சப்புறம் ஒரு பசி வருமே, அது” என்றாள், முழுக்க இறங்கியது. போலீஸ்காரர் ஒருவர், “கருமம், எனக்குப் பிடிக்கல” என்றார். அவருக்கும் இறங்கியது. அவ்வளவுதான் விஷயம். உண்மையைச் சொன்னால் வீட்டுக்குப் போகலாம். இதற்கு மேல் சுலபமாக ஒரு விதி எந்தக் கடையில் இருக்கிறது?

ஆனால் பாட்டிலுக்கு லேபிள் ஒட்டவேண்டும் என்று பாய்லருக்கு யாரோ சொல்லித் தொலைத்தார்கள். எதிரே பெயின்ட் கடை. கையில் ஒரு கிளாஸோடு போய்க் கலர் கலப்பவரிடம் நீட்டி, “இதுக்கு என்னன்னுங்க பேர் சொல்றது?” என்று கேட்டார். அவர் கேட்டது ருசியை. கலர் கலப்பவர் காலையிலிருந்து இரவுவரை கலர்களுக்குப் பெயர் சொல்கிறவர், கிளாஸை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, மாதிரி அட்டையில் பழுப்புப் பக்கத்தைத் திருப்பி, விரல் வைத்து வரிசையாகப் படித்தார்: “உலர்திராட்சை, கனிந்த அத்தி, கிராம்பு, பழைய தோல்.” எல்லாம் சுவருக்கு அடிக்கிற பெயின்ட்டின் பெயர்கள். பாய்லர் நன்றி சொல்லிவிட்டு அப்படியே அச்சுக்குக் கொடுத்துவிட்டார். அதற்கப்புறம் வந்த ரசிகர்கள் கண்ணை மூடி, மூக்கைக் கிளாஸுக்குள் விட்டு, “ஆஹா, அத்தி! பின்னாடியே லேசா ஒரு தோல்!” என்று பெயின்ட்டை ரசிக்க ஆரம்பித்தார்கள். கிளாஸ் அசையவில்லை. சாயங்காலம்வரை உட்கார்ந்து, வெட்கத்தை விட்டு, “எனக்கு இருமல் மருந்து மாதிரிதாங்க இருக்கு” என்று ஒப்புக்கொண்டுதான் வெளியே போனார்கள்.

லேபிள் நன்றாக அமைந்ததற்கு நன்றியாக ஒருநாள் கடை மூடும் நேரத்தில் பாய்லர் கலர் கலப்பவரைக் கூப்பிட்டார். அவர் வீட்டுக்குப் போன் செய்து, “பத்து நிமிஷத்துல வந்துடறேன், ஒரே ஒரு கிளாஸ்” என்றார். உட்கார்ந்தார். அவசரமில்லாமல் கிளாஸை இரண்டு கையிலும் பிடித்துச் சூடேற்றி, முகர்ந்து, ஒரு வாய் எடுத்தார். அப்போது அவர் முகம் போன போக்கை அந்தக் கூடத்தில் இருந்த எல்லாரும் பார்த்தார்கள். கண் மூடியது, தோள் இறங்கியது, நெற்றிச் சுருக்கம் போனது. பார்த்தாலே தெரிந்தது, மனிதருக்குச் சட்டென்று ஏதோ பிடிபட்டுவிட்டது. கண்ணைத் திறந்தார். வாயைத் திறந்தார். “உலர்திராட்சை, கனிந்த அத்தி, கிராம்பு, பழைய தோல்” என்றார்.

அடப் பாவி மனுஷா! அட்டையைப் பார்த்துப் படித்தவரே அதை நம்பினால் என்ன செய்வது என்று பாய்லர் தலையில் அடித்துக்கொண்டார். அன்றிலிருந்து தெருவில் கலர் கலப்பவருக்கு லேபிள் என்று பெயர்.

லேபிளின் மனைவி பல் டாக்டர். தினமும் அடுத்தவர்களை வாய் திறக்கவைப்பது அவள் தொழில். சொந்தப் புருஷன் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லாமல் உட்கார்ந்திருந்தால் அவளுக்கு எப்படி இருக்கும்? முதல் நாள் கெஞ்சினாள். இரண்டாம் நாள் கருவிப்பெட்டியோடு வந்து நாக்கை வெளியே இழுத்து உப்பு, புளிப்பு, கசப்பு என்று துளித்துளியாக விட்டுச் சோதித்தாள். எல்லாவற்றையும் அவர் சரியாகச் சொன்னார். “நாக்குல ஒரு கோளாறும் இல்ல, மேல மூளையிலதான்” என்று பெட்டியை மூடினாள். பிறகு நிஜமான அத்தியையும் கிராம்பையும் வாங்கி வந்து, வாயில் போடவைத்து, “இதுவா அது? இல்லல்ல? அப்புறம் என்னன்னு சொல்லித் தொலைங்களேன்!” என்றாள். லேபிள் கிளாஸைப் பார்த்துக்கொண்டு, “வார்த்தை வரமாட்டேங்குதும்மா” என்றார். நாற்பது விதமான வெள்ளைக்கு நாற்பது பெயர் சொல்கிற ஆளுக்கு வார்த்தை வரவில்லையாம்.

ஒரு வாரத்தில் முடியும் என்று நினைத்தது ஒரு மாதமானது, மாதம் வருஷமானது. பெயின்ட் கடை முதலாளி நல்ல மனிதர். கலப்பு மிஷினையும் டப்பாக்களையும் பாய்லரின் கூடத்துக்கே அனுப்பிவிட்டார். லேபிள் அங்கேயே கலந்து ஜன்னல் வழியாகக் கொடுத்தார். கிளாஸைப் பார்த்துப் பார்த்துக் கலந்ததாலோ என்னவோ, அந்த வருஷங்களில் எங்கள் ஊரில் அடித்த எந்தச் சுவரைப் பார்த்தாலும் வெள்ளையில்கூட ஒரு பழுப்பு ஓடும். முடிதிருத்துபவர் மாதம் ஒருமுறை வந்துபோனார். வாக்காளர் பட்டியலில் விலாசத்தை மாற்றினார்கள். பாய்லர் தன் பங்குக்குச் சர்க்கரைப் பாகைக் குறைத்துப் பார்த்தார், ஈஸ்ட்டை மாற்றிப் பார்த்தார். கறுப்பு பீர் தன் குணத்தை விடவில்லை. “நான் பீர்தாங்க காய்ச்சினேன், நீதிமன்றமா கட்டினேன்?” என்று வருகிறவர்களிடமெல்லாம் புலம்பினார். டாக்டரம்மா காலையில் க்ளினிக் போகும்போது சாப்பாடு, மாலையில் திரும்பும்போது துவைத்த சட்டை என்று இறக்கிவிட்டுப் போனாள். வீட்டில் குழாய் ஒழுகினால் அவள், கரண்ட் போனால் அவள், மகளுக்குக் காய்ச்சல் என்றால் அவள். அவர் வீட்டுக்கு வந்தால் போதும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு ஆசையே இல்லாமல் போய்விட்டது. தெருவே ஆளுக்கொரு பதில் சொல்லிக் கொடுத்தது. ஈர மரம், மெழுகுவத்தி அணைந்த வாசனை, பள்ளிக்கூடத்துக் கடைசி பெஞ்ச் என்று என்னென்னவோ. லேபிள் அத்தனையையும் ஒப்பித்தார். கிளாஸ் அப்படியே நின்றது. மகள் பக்கத்து மேஜையில் உட்கார்ந்து கணக்குப் போட்டாள், பரீட்சைக்குப் படித்தாள், வளர்ந்தாள். ஒருநாள் நோட்டிலிருந்து தலையைத் தூக்காமல், “அப்பாவுக்குத் தெரியும்மா, சொல்லத்தான் மாட்டேங்கிறாரு” என்றாள். “வாயை மூடிட்டுப் படி” என்றாள் டாக்டரம்மா. சின்னப் பெண் பேச்சு என்று நாங்களும் விட்டுவிட்டோம், விட்டது தப்பு.

மகள் வேலைக்குக் கிளம்பிய அன்று லேபிள் வாசல்படிவரை வந்து கையசைத்தார். ஒரு காலை வெளியே வைத்தும் பார்த்தார். கால் திரும்பிக்கொண்டது. மகளை ரயிலேற்றிவிட்டு டாக்டரம்மா நேராகக் கூடத்துக்கு வந்தாள். பகல் வேளை, பாய்லரும் இன்னும் இரண்டு மூன்று பேரும் இருந்தார்கள். அவள் யாரையும் பொருட்படுத்தாமல் எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“அவ போயிட்டா. இனிமே வீட்டுல நான் ஒருத்திதான். யாருக்காகங்க வாயை மூடிட்டு உக்காந்திருக்கீங்க?”

“உனக்காகத்தாம்மா” என்றார் லேபிள்.

“எனக்காகவா! நல்லா இருக்கே கதை. எத்தனை வருஷமா சோறு தூக்கறேன், எனக்காகவாம்! சொல்லுங்க. என்னவா இருந்தாலும் சொல்லுங்க. எனக்குச் சலிச்சுப்போச்சு.”

அவர் கிளாஸை எடுத்து ஒரு வாய் குடித்தார். கீழே வைக்கவில்லை. “கடை முடிஞ்சு வருவேன்ல, நம்ம தெருமுனையில ஒரு நிமிஷம் நிப்பேன். அங்கேருந்து பார்த்தா நம்ம வீட்டு லைட் எரியறது தெரியும். நீ உள்ள இருக்கேன்னு தெரியும். போனா ஏதாவது கேப்பே, குழாய் பத்தி, ஃபீஸ் பத்தி. தப்பில்ல, நீ கேக்கறதுதான். ஆனா உடனே போகமாட்டேன். நிப்பேன். அந்த ஒரு நிமிஷம் யாருக்கும் நான் எதுவும் இல்ல. அந்த நிமிஷம் மாதிரி இருக்குது இது. முத வாய்லயே தெரிஞ்சுது.”

“எப்பவாவதா, தினமுமா?”

“தினமும்.”

கிளாஸ் இறங்கியது. பாதியில் நிற்காமல், சுற்றிலும் நுரையை மட்டும் விட்டுவிட்டு, அடிவரைக்கும் இறங்கியது. அத்தனை பேரும் அத்தனை வருஷமாக எதிர்பார்த்தது நடந்துவிட்டது. கைதட்ட ஒருவருக்கும் கை வரவில்லை. டாக்டரம்மா அவரைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எங்களுக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும். அவள் பையை மடியிலிருந்து எடுத்துத் தரையில் வைத்துவிட்டு, “எனக்கு ஒண்ணு குடுங்க” என்றாள் பாய்லரிடம்.

இத்தனை காலம் வந்துபோனவள், ஒரு சொட்டு வாயில் வைத்ததில்லை. பாய்லர் கிளாஸைச் சாய்த்து, வண்டல் விழாமல் மெதுவாக ஊற்றி வைத்தார். அவள் இரண்டு கையாலும் பிடித்து, சூடேறும்வரை காத்திருந்து, முகர்ந்து, ஒரு வாய் எடுத்தாள். கண் மூடியது. தோள் இறங்கியது. லேபிளுக்கு எப்படி ஆனதோ அப்படியே. கிளாஸைக் கீழே வைத்தாள். அது பழைய மட்டத்துக்கு ஏறியது.

“என்னம்மா ருசி? தெரியுதா?” என்றார் லேபிள், எழுந்து நின்றுகொண்டு.

“தெரியுது.”

“அப்ப சொல்லிட்டு வா, போலாம்.”

“நீங்க போங்க. மாடியில துணி காயுது, மழை வர்ற மாதிரி இருக்கு.”

“நீ?”

“எனக்கென்ன அவசரம்?”

லேபிள் வாசல்படியில் பயந்துபயந்து கால் வைத்தார். கால் திரும்பவில்லை. போய்த் துணியை எடுத்தார்; பாதி நனைந்துவிட்டிருந்தது.

க்ளினிக் இப்போது பாய்லரின் கூடத்தில்தான் நடக்கிறது. ஜன்னல் பக்கத்து மேஜைக்கு வெளிச்சம் நல்லது என்று அங்கே நாற்காலியைப் போட்டிருக்கிறார்கள். பல் பிடுங்கிக்கொண்டவர்கள் வாய் கொப்பளித்துவிட்டுப் போகிறார்கள். வேலை இல்லாத நேரம் டாக்டரம்மா கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு, சிறுசிறு வாயாகக் குடிக்கிறாள். அவளைப்போல அதை ரசித்துக் குடிக்கிறவர்கள் இல்லை என்று பாய்லரே சொல்கிறார். லேபிள் காலையில் சாப்பாடு கொண்டுவந்து வைத்துவிட்டு, “இன்னிக்காவது சொல்லேம்மா” என்று கேட்கிறார். முதலில் கெஞ்சலாகக் கேட்டார், பிறகு கோபமாகக் கேட்டார், இப்போது கேட்கவேண்டுமே என்று கேட்கிறார். “சொல்றேன், சொல்றேன்” என்கிறாள். மகள் போனில் விசாரித்தால், அம்மா நன்றாக இருக்கிறாள் என்கிறார். அது பொய் இல்லை. கடை முடிந்து வரும்போது அவர் தெருமுனையில் நிற்பதில்லை. வீட்டில் விளக்கு எரிவதில்லை, அவர் போய்த்தான் போடவேண்டும்.