இருபத்து நான்கு சொத்தைகள்

பல்லின் வெளிப்படலம் எனாமல் எனப்படும். மனித உடலில் மிகக் கடினமான பொருள் அதுவே என்பதை, நாற்பத்திரண்டாம் வயதில் பத்தாம் வகுப்புத் தேர்வைத் தனித்தேர்வராக எழுதியபோது அறிந்தேன். அத்தேர்ச்சியே எங்கள் மலையூர்ப் பள்ளியில் நடைபெற்ற பல் ஆய்வு முகாமில் பதிவேடு எழுதும் பணியை எனக்குப் பெற்றுத் தந்தது.

ஆய்வை நடத்தியவர் வாணியம்பாடியைச் சேர்ந்த டாக்டர் ஃபிஜா. பேனா போன்ற கருவியின் முனையை அவர் பல்லின் பள்ளத்தில் வைப்பார். செந்நிற ஒளி பாயும். திரையில் ஓர் எண் தோன்றும். அது முப்பதைத் தாண்டினால் உள்ளே சொத்தை என்று பொருள். அத்தகைய பல்லைக் குடைந்து, அவருடைய ஆய்வகம் புதிதாக உருவாக்கிய அடைப்புப் பொருளை நிரப்பிப் பார்க்க வேண்டும். அவருக்கு நாற்பது பற்கள் தேவைப்பட்டன.

முதல் நாள் வாயைத் திறக்க ஒருவரும் முன்வரவில்லை. ஆகவே நானே அமர்ந்தேன். என் கடைசிக் கடைவாய்ப்பல் முப்பத்தெட்டு காட்டியது.

"இது ஞானப்பல்லுண்ணே. அடைச்சா நிக்காது, எடுத்துடலாம்" என்றார்.

வலி ஏதும் இல்லாத பல்தான். எனினும் படித்தவன் தயங்கலாகாது என்று கொடுத்துவிட்டேன். ஒன்று என்று எண்ணிட்ட குப்பியில் அது உப்புநீருக்கடியில் கிடந்தது. அதைப் பார்த்த பிறகே ஊர் வரிசையில் நின்றது.

மூன்றாம் நாள் மாலை எனக்கு ஐயம் பிறந்தது. பதிவேட்டை மேலிருந்து கீழாகக் கூர்ந்து நோக்கினேன். இருபத்தாறு பேரில் இருபத்து நால்வருக்கு முப்பதுக்கு மேல். 'வலி உண்டா' என்ற கட்டத்தில் ஏறக்குறைய எல்லோருக்கும் 'இல்லை' என்று என் கையாலேயே எழுதியிருந்தேன். தப்பிய இருவரும் செங்கத்திலிருந்து வந்து போகிறவர்கள்: ஆசிரியை நதியா, பேருந்து நடத்துநர் மோகன். மலையில் பிறந்தவருக்கு மட்டும் சொத்தையா? நாற்பது தேவைப்படும் ஒருவரின் கையில் எண்ணும் அவர் விருப்பத்திற்கு ஏறுமோ?

மேசையின் ஓரத்தில் பிரிக்கப்படாத ஒரு பொட்டலம் இருந்தது. அதன்மேல் அச்சிட்டிருந்த ஆங்கிலத்தை எழுத்துக் கூட்டிப் படித்தேன். அளவிடும் முன் பல்லைத் தூய்மை செய்ய வேண்டிய தூரிகைகள் அவை.

குடையும் பணி நான்காம் நாள் தொடங்கியது. முதல் பெயர் என் மனைவி ஈஸ்வரி; அவள் பல் திரையில் காட்டியது நாற்பத்தொன்று. அவள் வாயில் பஞ்சு வைக்கப்பட்டது. குடையும் கருவி சீறத் தொடங்கியது.

"டாக்டரம்மா, நிறுத்துங்க" என்றேன்.

"இன்னா தனசேகரண்ணே?"

"மொதல்ல என் பல்ல அறுத்துப் பாருங்க. உள்ள சொத்த இருந்தா இவ பல்லத் தொடுங்க."

ஈஸ்வரி பஞ்சைத் துப்பினாள். "இன்னாயா, புடுங்கிக் குடுத்தது பத்தலியா? இப்போ அத வெறகு மாதிரி பொளக்கணுமா?"

வரிசையில் சிரிப்பு எழுந்தது.

"காலேஜ்ல நூறு பல்லுல சோதிச்ச கருவிண்ணே இது" என்றார் ஃபிஜா.

"அதுல மலைக்காரன் பல்லு எத்தினி?"

குடையும் கருவியை அவர் அணைத்தார்; நான் மேசையோரத்தைக் காட்டினேன்.

"அந்த பிரஷ்ஷு பொட்டலத்த ஏன் இன்னும் பிரிக்கல?"

அவர் முகம் மாறியது. "கரண்ட்டு வந்து வந்து போவுது. ஆளுக்குப் பத்து நிமிஷம் புடிக்கும், அதான்..." என்று இழுத்தார். என் ஐயம் உறுதிப்பட்டது.

அவர் குப்பியைத் திறந்தார். வைரத்தூள் பூசிய சிறு தகடு என் பல்லின் நடுவே இறங்கியது. ஓர் உண்மையை இங்கே மறைக்க விரும்பவில்லை. உள்ளே கறுப்பாக இருக்க வேண்டும் என்றே அக்கணத்தில் என் மனம் விரும்பியது. அப்படியானால் நான் ஏமாறவில்லை. ஆனால் ஈஸ்வரியின் பல் குடையப்படும்.

பல் இரண்டாகப் பிளந்தது. பள்ளத்தின் மேல்விளிம்பில் மட்டும் ஒரு கறுப்புக் கோடு. அதன்கீழ் தேங்காய்ப் பருப்பைப் போன்ற வெண்மை. மயிரிழை அளவும் சொத்தை இல்லை.

ஃபிஜா அந்தக் கறுப்பை ஊசியால் சுரண்டினார். "ஈஸ்வரியக்கா, எதுல பல்லு வெளக்குறீங்க?"

"கடுக்காத் தூள்லதான். வூட்டுக்கு வூடு அதான்."

"எதுல இடிப்பீங்க?"

"இரும்பு ஒரல்ல."

அவர் ஊசியைக் கீழே வைத்தார். "தோல் பதனிட எங்க வூட்டுக்கு மூட்டை மூட்டையா கடுக்கா வரும். இரும்பு பட்டா தோலு கன்னங்கரேல்னு ஆய்டும்னு அப்பா கத்துவாரு. பல்லுல படிஞ்ச அந்தக் கறைதான் எண்ண ஏத்தியிருக்கு. எனக்குத் தோணியிருக்கணும்."

உண்மையிலேயே தோன்றவில்லையா, நாற்பதை எண்ணித் தோன்றவிடவில்லையா? அதை நான் இன்றும் அறியேன். ஆயினும் பொட்டலத்தை அவரே பிரித்தார். தூரிகையால் ஈஸ்வரியின் பல்லை நெடுநேரம் தேய்த்துவிட்டு மறுபடியும் ஒளியைப் பாய்ச்சினார். திரையில் ஒன்பது.

"ஒம்போதா?" என்றாள் ஈஸ்வரி. "அப்போ படிக்காதவ பல்லு பொழச்சிடுச்சு."

இருபத்து நான்கு எண்களையும் ஃபிஜா அடித்து ஒப்பமிட்டார். எல்லோரையும் மீண்டும் அளக்க வேண்டும் என்றார். முதல் வரியில் மட்டும் அவர் பேனா நின்றது.

"உங்களுத இன்னான்னு எழுதறதுண்ணே?"

பேனாவை வாங்கினேன். 'எடுக்கப்பட்ட பல்: ஒன்று. சொத்தை: இல்லை' என்று பிழையின்றி எழுதினேன்.