வகுப்பு நாளில் எண்ணெய் கூடாது

மாமியாரும் மருமகளும் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள். பேச்சு மட்டும் மகன் வழியாகப் போய் வந்தது. "சாப்பிட்டாளான்னு கேளு" என்பார் மாமியார். "சாப்பிட்டாச்சுன்னு சொல்லுங்க" என்பாள் மருமகள். மகன் மேஜை ஓரத்தில் தட்டைப் பார்த்துக்கொண்டே தூது போவான். சண்டை என்று எதுவும் கிடையாது. இருந்திருந்தாலாவது ஒரு நாள் சமாதானம் ஆகியிருக்கும். கல்யாணமான புதிதில் ஆளுக்கொரு பக்கம் தயங்கினார்கள், அந்தத் தயக்கமே பழகிப்போய்விட்டது.

மருமகளுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. நாள் முழுக்க நின்றபடியே அடுத்தவர் முகத்தில் பிரேமை மாட்டி, குனிந்து, காதுக்குப் பின்னால் வளைவு சரியாக உட்காருகிறதா என்று பார்க்க வேண்டும். முதுகு கூன் போடப் பார்த்தது. கடைக்கு எதிர் மாடியில் நடந்த கம்பப் பயிற்சி வகுப்பில் போய்ச் சேர்ந்தாள். தரைக்கும் கூரைக்கும் நடுவில் நிற்கும் எவர்சில்வர் கம்பத்தைப் பிடித்து ஏறுவது, சுற்றுவது, தொங்குவது.

"ஏறிப் போய் என்ன பண்ணுவ, பல்பு மாட்டுவியா?" என்றான் கணவன்.

அங்கே பிடிமானம் துணியில் இல்லை, தோலில். அதனால் அரைக்கால் சட்டை. அதனால் முழங்காலுக்குப் பின்னால், தொடையின் உள்பக்கம், கணுக்காலுக்கு மேலே என்று எங்கு பார்த்தாலும் நீலமும் கறுப்புமாகக் கன்றிப்போயிருக்கும். புதிதாகச் சேருபவர்கள் எல்லோருக்கும் அப்படித்தான், தோல் பழகிவிடும் என்றாள் பயிற்சியாளர். முதுகுக்குப் பின்னால் எல்லோரும் அவளைக் கம்பி டீச்சர் என்றுதான் சொல்வார்கள். ஆள் ஒல்லி, குரல் மட்டும் கனம். உடம்பைச் சூடு பண்ணாமல் கம்பத்தைத் தொடக் கூடாது. தொங்கும்போது தோள் காதோடு ஒட்டக் கூடாது. வழுக்கினால் பிடித்துத் தொங்காமல் விட்டுவிட வேண்டும், கீழே மெத்தை எதற்குப் போட்டிருக்கிறது? எல்லாவற்றுக்கும் மேலாக, வகுப்பு நாளில் உடம்பில் கிரீமோ எண்ணெயோ படவே கூடாது.

மருமகள் எல்லாவற்றையும் ஒழுங்காகத்தான் கடைப்பிடித்தாள், அந்த விடுமுறை நாள் வரைக்கும்.

அன்று மதியம் சோபாவில் கண் அசந்திருந்தாள். சாயங்காலம் வகுப்பு. காலில் ஏதோ வெதுவெதுப்பாகப் பட்டது. மாமியார் தரையில் உட்கார்ந்து, சூடு பண்ணிய எண்ணெயைக் கன்றிய இடங்களில் தடவிக்கொண்டிருந்தார். பாட்டில் தொழிற்சாலையில் ஆயுசு முழுக்க உழைத்துக் காய்த்துப்போன கை. ஆனாலும் தொட்டது தெரியாமல் தொட்டது. மருமகள் கண்ணைத் திறக்கவில்லை. திறந்தால் அந்தக் கை விலகிவிடுமோ என்று பயந்தாள். அம்மா போனபிறகு அவளை யாரும் அப்படித் தொட்டதில்லை.

கிளம்பும்போது சோப்புப் போட்டுக் கழுவியிருக்க வேண்டும். அது அவளுக்கு நன்றாகவே தெரியும். மனம் வரவில்லை. துண்டால் துடைத்தாள், போதும் என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டாள்.

கம்பத்தில் பாதி உயரம் ஏறியதும் கால் சர்ரென்று வழுக்கியது. விட்டிருந்தால் மெத்தையில் விழுந்து சிரித்துக்கொண்டே எழுந்திருக்கலாம். பயத்தில் வலது கையால் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். மொத்த உடம்பும் அந்த ஒரு தோளில் தொங்கியது. உள்ளே ஏதோ சுளீரென்றது.

"கிரீம் ஏதாவது போட்டீங்களா?" ஐஸ் பையை வைத்தபடி டீச்சர் கேட்டாள்.

"இல்ல."

"அப்போ தப்பு என்னோடதுதான். அவசரப்பட்டு உங்கள மேல ஏத்திட்டேன்." டீச்சரின் முகம் சுருங்கிப்போனதைப் பார்க்க மருமகளுக்கு என்னவோ போல் இருந்தது. ஆனாலும் உண்மை வாயில் வரவில்லை.

தசைநார் பிசகியிருக்கிறது, கிழியவில்லை என்றார் டாக்டர். கொஞ்ச நாளைக்குக் கையைக் கழுத்திலிருந்து தொங்கும் துணித் தொட்டிலில் போட்டு ஓய்வு. அப்புறம் சுவரில் விரலால் மெல்ல மெல்ல மேலே நடக்க வேண்டும், ரப்பர் பட்டையை இழுக்க வேண்டும், வலித்தால் அங்கேயே நிறுத்த வேண்டும். கடையில் கையைத் தூக்கி யாருக்கும் பிரேம் மாட்ட முடியாததால் அவளைக் கல்லாவில் உட்கார வைத்தார்கள்.

வீட்டில்தான் எல்லாம் தலைகீழாக மாறியது. மாமியார் தலை வாரிவிட்டார், சோறு பிசைந்து தந்தார், தோளைத் தொடக் கூடாது என்று டாக்டர் சொன்னதால் தினமும் காலுக்கு மட்டும் எண்ணெய் தடவினார். தடவிக்கொண்டே பேசினார். இயந்திரத்துக்கு முன்னால் நின்று நின்று தன் கால் வீங்கிய கதை, மேற்பார்வையாளரை மூக்குடைத்த கதை. மகன் மேஜை ஓரத்தில் வேலை போன தூதுவனாக உட்கார்ந்திருந்தான்.

தோள் தேறியது. விரல் சுவரில் முழு உயரமும் ஏறியது. இனி கீழே நின்று செய்யும் பயிற்சியிலிருந்து மெதுவாக ஆரம்பிக்கலாம் என்றார் டாக்டர். மருமகளுக்கு ஆசை இல்லாமல் இல்லை. ஆனால் திரும்பப் போனால் எண்ணெய் வேண்டாம் என்று சொல்ல வேண்டிவரும். ஏன் என்று கேட்டால், நீங்கள் தடவியதால்தான் வழுக்கியது என்று எந்த வாயால் சொல்வது? இத்தனை வருஷம் கழித்துக் கிடைத்த கை. கம்பம் போனால் போகட்டும்.

"இனிமே நான் போகல, அத்தை."

காரணத்தை மறைக்கிறாள் என்று பட்டதும் மாமியாரின் முகம் மாறியது. இரண்டு நாள் பேச்சே இல்லை. மூன்றாம் நாள் சாப்பாட்டு மேஜையில் மகனிடம், "அவ ஏன் போகலன்னு கேளு" என்றார்.

பழைய தூது திரும்பி வந்துவிட்டது. எதைக் காப்பாற்ற மருமகள் உண்மையை மறைத்தாளோ, அதுவே கையை விட்டுப் போய்க்கொண்டிருந்தது.

"எண்ணெய் பட்டா வழுக்கும், அத்தை. அன்னைக்கு நான் சரியா கழுவல. சொன்னா நீங்க தடவ மாட்டீங்கன்னு..."

மாமியார் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். கண் கலங்கியது.

"நான்தான் தள்ளிவிட்டேனா உன்ன?"

"இல்ல அத்தை. நான் கழுவாம போனதுதான்."

"பாட்டில் கம்பெனில எண்ணெய்க் கையோட நின்னவ நான். வழுக்கும்னு எனக்குத் தெரியாதா? என்னைக்கு வகுப்புன்னுதான் தெரியாது. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் நான். நீ தூங்கலன்னு தெரிஞ்சும் கேக்கல."

"தெரியுமா?"

"தூங்குறவ கால் விரல மடக்கிக்கிட்டா படுத்திருப்பா? பேச்சுக் குடுத்தா எந்திரிச்சுப் போயிடுவியோன்னு நானும் சும்மா இருந்துட்டேன்."

அடுத்த வகுப்பன்று மாமியார் குளியலறை வாசலில் காவல் நின்றார். "முட்டிக்குப் பின்னால தேச்சியா? இன்னொரு தடவ சோப்புப் போடு." வகுப்புக்குப் போனதும் மருமகள் முதல் வேலையாக டீச்சரிடம் உண்மையைச் சொன்னாள். டீச்சர் அவளை நன்றாகத் திட்டிவிட்டு, பாரம் இறங்கியவளாக ஸ்பிரிட்டால் கம்பத்தைத் துடைத்தாள். அன்று மருமகள் மேலே ஏறவில்லை. தோளை இறக்கிப் பிடிப்பதையும், வழுக்கினால் விடுவதையும் மட்டும் திரும்பத் திரும்பச் செய்தாள்.

வீட்டுக்கு வந்தபோது மாமியார் எண்ணெய்க் கிண்ணத்தோடு சோபா ஓரத்தில் உட்கார்ந்திருந்தார்.

"முடிஞ்சுதா? காலை நீட்டு."

மருமகள் காலை நீட்டினாள். இந்தத் தடவை கண்ணை மூடிக்கொள்ளவில்லை.