வெள்ளை டேக் கன்றுகள்

சாணச் சோதனை முடிவு வந்துவிட்டது என்று கேட்டதும் அண்ணி, கழுவிக்கொண்டிருந்த பால் வாளியை அப்படியே வைத்துவிட்டாள்.

கொட்டகையில் பன்னிரண்டு கன்றுகள். காதில் மஞ்சள் டேக் மாட்டிய ஆறுக்குப் பாலில் ஒரு கரண்டி சத்துப்பொடி, வெள்ளை டேக் மாட்டிய ஆறுக்கு வெறும் பால். பொடியால் குடலில் நல்ல பாக்டீரியா பெருகுகிறதா, எடை கூடுகிறதா என்று மூன்று மாதம் பார்ப்பது பண்ணையின் கால்நடை டாக்டரம்மாவின் ஆராய்ச்சி. காலையில் அண்ணியும் மாலையில் அவள் நாத்தனாரும் பால் கொடுப்பார்கள். ஒரே வீட்டில்தான் இருக்கிறார்கள். ஆனால் இருவருக்கும் ஏழாம் பொருத்தம், வேலை மாறும் நேரத்தில்கூட முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள்.

இரண்டாவது வாரம் வெள்ளை டேக்கில் பதினொன்றாம் எண் கன்றுக்குக் கழிச்சல் கண்டது. விலா எலும்பு தெரிய, நடுங்கிக்கொண்டே அண்ணியின் விரலைச் சப்பியது. ஆராய்ச்சியாம், மண்ணாங்கட்டியாம். பொடி டப்பா பக்கத்திலேயே இருக்கும்போது எந்த மனசு கேட்கும்? அன்றிலிருந்து தினமும் அரைக் கரண்டி போட்டாள். கன்று தேறிவிட்டது. அவள் தூக்கம்தான் போனது.

டாக்டரம்மா இருவரையும் எடைமேடைக்குப் பக்கத்து அறைக்குக் கூப்பிட்டாள்.

"வெள்ளை டேக் சாணத்துல பொடியில இருக்கிற பாக்டீரியா வந்திருக்கு. யாரோ போட்டிருக்கீங்க. யாருன்னு சொல்லுங்க. அவங்களுக்கு இனிமே இங்க வேலை இல்ல."

சொல்லிவிட்டு நாத்தனாரைத்தான் பார்த்தாள். போன வருஷம் இஷ்டத்துக்குத் தீவனம் அள்ளிப் போட்டு வாங்கிக் கட்டிக்கொண்டவள் அவள்தானே. அண்ணி வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், வேலை தப்பிக்கும். இருந்தும் வாய் சும்மா இருக்கவில்லை.

"நான்தான் டாக்டர். பதினொண்ணுக்கு மட்டும். செத்துடுமோன்னு பயந்துட்டேன்."

டாக்டரம்மா அந்த எண்ணை அடித்துவிட்டு, அடுத்த தாளைப் புரட்டினாள். "ஆனா ஆறு கன்னுலயும் வந்திருக்கே?"

மற்ற ஐந்தை அண்ணி தொடவே இல்லை.

நாத்தனார் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "சாயங்காலம் நான் போட்டேன். பதினொண்ணுக்கு மட்டும்தான் போட ஆரம்பிச்சேன். மத்ததெல்லாம் வாயைப் பார்த்துக்கிட்டு நின்னுச்சு. அண்ணி கறாரானவங்க, போட மாட்டாங்கன்னு நெனச்சேன்."

டாக்டரம்மா கோப்பை மூடினாள். திட்டக்கூட இல்லை. மூன்று மாத உழைப்பு, ஒப்பிட ஒரு கன்றுகூட மிச்சமில்லை. அவள் கண் கலங்கியதைப் பார்த்தபோது, வேலை போனதைவிட அதுதான் அண்ணியைச் சுட்டது.

இருவரும் வாசல் வரை ஒன்றாக நடந்தார்கள்.

"அண்ணி, நாளையிலேர்ந்து பதினொண்ணுக்கு வெறும் பால்தானா? தாங்குமா?"

மாலைப் பால் கொடுக்கும் நேரம். கொட்டகையிலிருந்து ஒரு கன்று கத்தியது, எது என்று இருவருக்குமே தெரிந்திருந்தது.