எழும்பினவன் தோற்றான்

செலீன் எனக்கு ஃபோன் எடுத்தபோது நான் பேஸ்மென்ற்றில் கதிரைகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். சூப்பர் போல் ஞாயிறு, அமெரிக்கன் ஃபுட்போலின் இறுதி ஆட்ட நாள். பூசை முடிந்து வந்து உடுப்புக்கூட மாற்றவில்லை.

"ஜூலியஸ் அண்ணை, உங்களிட்ட ஒரு உதவி," என்றாள். "இவருக்கு மூண்டு நாளாய் நெஞ்சுக்குள்ள இறுக்குது. இடது கையும் விறைக்குதாம். கேட்டால் வாய்வு எண்டுறார். எமேர்ஜென்சிக்கு வரவேமாட்டாராம். கெஞ்சிக் கூத்தாடி வாக்-இன் கிளினிக்குக்குச் சம்மதிக்க வச்சிருக்கிறன். நாலு மணிக்குப் பூட்டிப்போடுவாங்கள். நான் வேலையால நேரை அங்க போய்ப் பேரைக் குடுத்திட்டு இருக்கிறன். நீங்கள் மூண்டேகாலுக்கு அவரை அனுப்பிவிடுங்கோ."

"அதுக்கென்ன, அனுப்புறன்."

"அண்ணை, உங்கட விவாதம் முடியாமல் அவர் எழும்பமாட்டார். உங்களுக்கே தெரியும். இண்டைக்கு ஒருக்கா நீங்கள் தோத்துக் குடுங்கோ."

அந்தக் கடைசி வசனத்தை அவள் சொல்லாமல் விட்டிருக்கலாம். எனக்குச் சுர்ரென்று ஏறியது.

அவளுடைய புருஷன் றெமிஜியசும் நானும் பதினெட்டு வருடங்களுக்கு முன் கனடாவில், அஜக்ஸில் ஒரு கார்ப் பாகத் தொழிற்சாலையில் ஒன்றாகச் சேர்ந்தவர்கள். அங்கே சாப்பாட்டு அறை ரெலிவிஷனில் அமெரிக்கன் ஃபுட்போல் தவிர வேறொன்றும் ஓடாது. மன்னாரிலிருந்து வந்த எங்களுக்கு முதலில் அது ஆளையாள் இடித்து விழுத்துகிற விசர் விளையாட்டாகத்தான் தெரிந்தது. பிறகு அந்த விசர் எங்களுக்கும் பிடித்தது. எல்லாக் காலத்துக்கும் பெரிய ஆட்டக்காரன் யார் என்ற சண்டையை அங்கேதான் தொடங்கினோம். பிரேக் முடிகிற மணி அடித்ததும் முதலில் கதிரையை விட்டு எழும்புகிறவன் தோற்றான். அந்தச் சட்டத்தை அப்படியே ரூஜில் உள்ள என் வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டோம். வருடத்தில் ஒரு நாள், இரண்டு மணிக்குக் கதிரையில் இருந்தால், மற்றவனுடைய ஆள்தான் பெரியவன் என்று ஒருவன் ஒப்புக்கொள்ளும்வரை எழும்புவதில்லை. தோற்றவன் வென்றவனுடைய ஆளின் சேர்ட்டைப் போட்டுக்கொண்டுதான் அன்றைய மாட்ச் பார்க்க வேண்டும்.

கடந்த இரண்டு வருடமும் நான்தான் தோற்றேன். அவனுடைய ஆளின் மண்ணிறச் சேர்ட்டோடு நான் முழுசிக்கொண்டிருக்கிற படம் கோயில் வாட்ஸப் குழுவரை போனது. பாதர்கூடப் பார்த்துச் சிரித்தார். இப்போது மூன்றாம் வருடமும் வெல்ல, அவன் பெண்சாதியை விட்டு ஃபோன் எடுப்பிக்கிறான் என்று நினைத்தேன். மெய்யாகவே அப்படித்தான் நினைத்தேன். வெட்கக்கேடு, ஆனால் சொல்லத்தானே வேண்டும்.

அவன் இரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது வந்தான். படியில் கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து இறங்கினான். அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, ஏனென்றால் அவன் எப்போதும் அப்படித்தான். அவனுடைய ஆள் ஜிம் பிறவுண் ஒவ்வொரு முறை விழுத்தப்படும்போதும் வேண்டுமென்றே மெதுவாக எழும்புவாராம். நொந்தாலும் மெதுவாக, நோகாவிட்டாலும் மெதுவாக. அப்போதுதான் எதிரிக்கு எப்போது உண்மையாய் நோகிறது என்று தெரியாது. இதை எங்கோ வாசித்த நாளிலிருந்து றெமிஜியசும் அப்படியே எழும்பத் தொடங்கினான். தொழிற்சாலையில், கோயிலில், கலியாண வீட்டில், எங்கேயும். முதலில் முழங்காலில் ஒரு கை, பிறகு மேசை விளிம்பில் மற்றக் கை, ஒரு மூச்சு, பிறகு ஆள். பதினெட்டு வருடத்தில் ஒரு நாளும் சுகமில்லை என்று லீவு எடுக்காதவன்.

"கை என்னவாம்?" என்று கேட்டேன்.

"உவள் உனக்கும் அடிச்சிட்டாளே? வாய்வடா. நீ இரு."

மத்தியஸ்தர் பேனாட் அண்ணை நடுவில் இருந்தார். எங்களுடைய பழைய சுப்பர்வைசர், இப்போது பென்சன்காரர். இரண்டு மணிக்குத் தொடங்கிவிட்டார்.

"ஏழு சூப்பர் போல்," என்றேன் நான். "ரொம் பிறேடி ஏழு தரம் வெண்டவன். கடைசியை நாப்பத்தி மூண்டு வயசில, வேற ரீமுக்குப் போய் வெண்டவன். உன்ர ஆளுக்கு எத்தினை? ஒரேயொரு சாம்பியன்ஷிப்."

"ஒன்பது வருசம் விளையாடினவர். ஒரு மாட்ச்கூடத் தவறவிடேல்ல. உன்ர ஆள் முழங்கால் உடைஞ்சு ஒரு வருசம் முழுக்க வீட்டில இருந்தவன்."

"வீட்டில இருந்து சுகப்படுத்திக்கொண்டு திரும்பி வந்ததுதான் கெட்டித்தனம்."

"நோவோட நிண்டு விளையாடுறதுதான் ஆம்பிளைத்தனம்."

வழமையாக அவன் இந்த இடத்தில் மேசையில் அடிப்பான். இன்றைக்கு அடிக்கவில்லை. வலது கையால் இடது தோளை அமுக்கிக்கொண்டே இருந்தான். பேஸ்மென்ற் குளிர், நான் ஸ்வெற்றர் போட்டிருந்தேன். அவனுடைய நெற்றியில் வேர்வை. நான் பார்த்தேன். பார்க்கவில்லை என்று இப்போது சொல்ல முடியாது.

மூன்றேகாலுக்கு செலீனின் மெசேஜ் வந்தது. "வெளிக்கிட்டிட்டாரோ அண்ணை?"

நான் ஒரு சொல் சொன்னால் போதும். சரியடா, உன்ர பிறவுண்தான் பெரியவன், போய் டொக்ரரைப் பார். அந்தச் சொல் வாய்வரைக்கும் வந்தது. அப்போது பார்த்து அவன் சிரித்துக்கொண்டு, "என்ன, கதை முடிஞ்சுதோ? மண்ணிறச் சேர்ட்டைத் தோய்ச்சு வச்சிருக்கிறன்," என்றான்.

எனக்கு விசர் வந்தது. மேசைக்குக் கீழே ஃபோனை வைத்து, "ஓம், இப்ப வெளிக்கிடுறார்," என்று அவளுக்கு அடித்தேன். பிறகு பிறேடியின் கணக்குகளை முதலிலிருந்து தொடங்கினேன்.

மூன்றரை. மூன்றே முக்கால். அவனுடைய பதில்கள் குறுகிக்கொண்டு வந்தன. நான் ஐந்து வசனம் சொன்னால் அவன் ஒன்று சொன்னான், பிறகு அதுவும் இல்லை. வாயடைத்துப்போனான் என்று எனக்குள் ஒரு சந்தோசம். பேனாட் அண்ணை ஒரு தரம், "றெமிஜியஸ், முகம் ஒரு மாதிரிக் கிடக்கு, தண்ணி தரட்டோ?" என்று கேட்டார். அவன் வேண்டாமென்று தலையை ஆட்டினான்.

"நடிப்பு அண்ணை," என்றேன் நான்.

நாலுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது றெமிஜியஸ், "சரி, பிறேடிதான்," என்றான்.

அவ்வளவுதான். எங்கள் பதினெட்டு வருடத்தில் அவன் அப்படிச் சும்மா விட்டுக்கொடுத்ததே இல்லை. அந்தக் குரலிலேயே எனக்கு விளங்கியிருக்க வேண்டும். நான் துள்ளிக்கொண்டு அலுமாரிக்குப் போனேன். பிறேடியின் பன்னிரண்டாம் நம்பர் சேர்ட்டை எடுத்து, உதறி, மடிப்பு நீவி, ஃபோனில் கமெராவையும் திறந்து வைத்துக்கொண்டு, ஆறுதலாகத் திரும்பினேன்.

அவன் இன்னும் எழும்பிக்கொண்டிருந்தான்.

முழங்காலில் வலது கை. இடது கை மேசை விளிம்புக்குப் போகவேயில்லை, வெறுமனே தொங்கியது. கதிரைக்கும் நிற்பதற்கும் நடுவில் வளைந்தபடி, வாயைத் திறந்து மூச்சைத் தேடிக்கொண்டிருந்தான். பேனாட் அண்ணை வழமைபோலப் பகிடிக்கு எண்ணினார். "ஒண்டு, ரெண்டு, மூண்டு." நானும் சிரித்தேன். கமெராவை அவனுக்கு நேரே பிடித்தேன். எழும்பினவன் தோற்றான் என்று எழுதிக் குழுவில் போட வேண்டும் என்று நினைத்தேன்.

ஏழு எண்ணும்போது அவன் என்னைப் பார்த்தான். கோபமில்லை, பகிடியில்லை. பயந்திருந்தான். அந்த முகத்தை நான் அவனிடம் ஒரு நாளும் கண்டதில்லை. பிறகு மேசையோடு சரிந்து தரையில் விழுந்தான்.

பேனாட் அண்ணை ஆம்புலன்சுக்கு அடித்தார். இங்கிலீஷ் அவருக்கு வாயில் வரவில்லை, வீட்டு நம்பரை மூன்று தரம் பிழையாகச் சொன்னார். நான் முழங்காலில் நின்று கையிலிருந்த சேர்ட்டைச் சுருட்டி அவனுடைய தலைக்குக் கீழே வைத்தேன். நெஞ்சில் அமுக்கச் சொல்லி ஃபோனில் ஒரு பெண்குரல் சொன்னது. அமுக்கினேன். "எழும்படா," என்றேன். "நீதான் வெண்டனி, பிறவுண்தான் பெரியவன், எழும்படா." இரண்டு மணித்தியாலமாய் என் வாயிலிருந்து வராத சொல் அப்போது நூறு தரம் வந்தது.

பக்கத்தில் கிடந்த என் ஃபோன் அடித்தது. செலீன். பேனாட் அண்ணை அந்தரத்தில் என்ன செய்கிறோம் என்று தெரியாமல் அதை எடுத்து ஸ்பீக்கரில் போட்டுவிட்டார்.

"அண்ணை, இவற்ற பேரைக் கூப்பிட்டிட்டினம்," என்றாள் அவள். "பூட்டப் போகினமாம், நான்தான் மறிச்சுக்கொண்டு நிக்கிறன். மூண்டேகாலுக்கு வெளிக்கிட்டவர் இன்னும் வரேல்ல. எவ்விடத்தில நிக்கிறார்?"

நான் அமுக்குவதை நிறுத்தவில்லை. அவன் எப்போதும் மெதுவாகத்தானே எழும்புவான், இன்னும் கொஞ்சத்தில் எழும்பிவிடுவான் என்று அவனுடைய வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.